மந்திரவாதியும் மதிப்புரையாளரும்



ஒரு திரைப்படம் வெளியாகிறது. மறுநாட் காலையில் செய்தித்தாளில் அதற்கு மதிப்புரை வருகிறது. அதைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போகிறவர்கள் உண்டு. படித்துவிட்டுப் போகாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. படத்துக்குப் போகாமலே, மதிப்புரையில் படித்ததைத் தம் சொந்தக் கருத்தாகப் பிறரிடம் எடுத்துச் சொல்கிறவர்களும் உண்டு. இந்த மூன்றாம் வகையினர் மாணவர்களிடையே சற்று அதிகம் என்று நான் சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஏனெனில், கல்லூரியில் படித்த காலத்தில் நானும் அந்த வகையைச் சேர்ந்தவனாகவே இருந்தேன்.

அக்காலத்தில் நூலகம் ஒன்றில் அமெரிக்கத் திரைப்பட மதிப்புரைகள் சில எனக்குப் படிக்கக் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ‘தி விஸார்ட் ஆஃப் ஓஸ்’ என்னும் படத்தைப் பற்றியது. ஓஸ் நாட்டு மந்திரவாதி என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். அந்த மதிப்புரை மிகச் சிறியது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஊசிபோல் குத்தியது. படித்துச் சிரித்தேன். நண்பர்களிடமும் சொல்லிச் சிரிக்கவைத்தேன். படத்தையோ நான் பார்த்ததில்லை. இப்படியே பல ஆண்டுகள் கழிந்தன. பிறகு ஒருநாள் என் தமக்கையின் எட்டு வயது மகளோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தது. அன்று நான் கற்றுக்கொண்ட பாடமே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. அங்கே தன் அத்தையோடும் மாமாவோடும் வாழ்கிறாள் டோரதி என்னும் சிறுமி. பெற்றோர் இல்லாத அவளுக்கு உற்ற துணை டோட்டோ என்னும் நாய்க்குட்டி. ஒருநாள் சூறாவளி ஒன்று வீட்டை அப்படியே தூக்கிச் சென்று ஓஸ் என்னும் விந்தை நாட்டில் போடுகிறது. ஊர் திரும்ப வழி கேட்டவளை, மரகத நகரத்தில் வாழும் மந்திரவாதியிடம் போகச் சொல்கிறார்கள். மஞ்சள் செங்கற் பாதையில் அவள் நடக்கிறாள். மூளை வேண்டும் என்று ஏங்கும் வைக்கோற் பொம்மை, இதயம் வேண்டும் என்று ஏங்கும் தகர மனிதன், துணிவு வேண்டும் என்று ஏங்கும் கோழைச் சிங்கம் ஆகிய மூவரும் அவளோடு சேர்ந்துகொள்கின்றனர். மேற்றிசைச் சூனியக்காரி அவர்களைத் துன்புறுத்துகிறாள். இறுதியில் அவள் அழிகிறாள். ஆனால் மந்திரவாதியோ மந்திரம் ஒன்றும் அறியாதவன். திரைக்குப் பின்னால் நின்று பொறிகளை இயக்கி ஊரை ஏமாற்றுகிற சாதாரண மனிதன் என்பது வெளிப்படுகிறது. டோரதி தன் காலில் அணிந்திருந்த செந்நிறக் காலணிகளின் ஆற்றலாலேயே வீடு திரும்புகிறாள்.

இக்கதையை எழுதியவர் எல். பிராங்க் பாம் என்னும் அமெரிக்க எழுத்தாளர். நூல் 1900ஆம் ஆண்டில் வெளிவந்தது. மெட்ரோ கோல்ட்வின் மேயர் என்னும் பெரும் படநிறுவனம் அதைப் படமாக்கி 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்டது. டோரதியாக நடித்தவர் ஜூடி கார்லண்டு. படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 16. நெறியாளர் என்று திரையில் வரும் பெயர் விக்டர் பிளெமிங். உண்மையில் ஒருவர் பின் ஒருவராகப் பல நெறியாளர்கள் இதில் கைவைத்தனர். கான்சஸ் பகுதிக் காட்சிகளை எடுத்து முடித்தவர் கிங் விடோர். படத்துக்கு ஆன செலவு 27 லட்சம் டாலருக்கு மேல். அக்காலத்துக்கு அது பெருந்தொகை.

இவ்வளவு பணத்தை ஒரு குழந்தைக் கதையின்மேல் கொட்டுவதற்கு என்ன காரணம்? இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1937ஆம் ஆண்டின் இறுதியில், வால்ட் டிஸ்னி ‘ஸ்நோ ஒயிட்’ என்னும் முழுநீளச் சித்திரப் படத்தை வெளியிட்டார். அது பெரும் வெற்றி பெற்றது. விந்தைக் கதைக்கும் பெரியோர், சிறியோர் எல்லாரும் கூட்டங்கூட்டமாக வருவார்கள் என்பதைப் படமுதலாளிகள் கண்டுகொண்டனர். ஆகவே, ஓஸ் நாட்டுப் படம் பிறக்கும்போதே அதன் நெற்றியில் ஒரு சந்தேகம் எழுதப்பட்டிருந்தது. பிறர் பெற்ற வெற்றியைப் பணத்தால் பெயர்த்தெடுக்கப் பார்க்கிறார்களோ என்பதே அந்தச் சந்தேகம். அன்றைய மதிப்புரைகளைப் படிக்கும்போது இதை நாம் நினைவில் வைக்கவேண்டும்.

இனி, அந்த மதிப்புரையாளர்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பார்ப்போம்.

‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிய ரஸ்ஸல் மலோனி படத்தை அடியோடு மறுத்தார். கற்பனை, நற்சுவை, புத்திக்கூர்மை என்னும் மூன்றில் ஒன்றன் சுவடுகூட இதில் இல்லை என்பது அவர் தீர்ப்பு. வண்ணங்கள் கண்ணை உறுத்துகின்றன. கட்டுப்பாடின்றி அள்ளிப் பூசப்பட்டிருக்கின்றன என்றார். கோழைச் சிங்கமாக நடித்த பெர்ட் லார் சிரிக்கவைக்கிறார் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் நகைச்சுவை மேடையிலிருந்து வந்த அந்நடிகருக்கு விந்தை நாட்டில் என்ன வேலை என்று கேட்டார். விந்தைக் கதை என்பது இன்னமும் டிஸ்னி ஒருவருக்கே உரிய நாடு என்றும் எழுதினார்.

‘நியூ ரிபப்ளிக்’ இதழில் எழுதியவர் ஆட்டிஸ் பெர்குசன். நான் படித்துச் சிரித்தது இவர் எழுதியதைத்தான். குள்ளர்கள், இசை, வண்ணம், விசித்திர உருவங்கள், ஜூடி கார்லண்டு என்று இத்தனையும் இருக்கும்போது நகைச்சுவையும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கலாமா என்று அவர் ஏளனம் செய்தார். கற்பனை மென்மையாக இருப்பதற்குப் பதிலாக, நீரில் ஊறிய பழரொட்டியைப்போல் கனக்கிறது என்றார். அதோடு நில்லாமல் ஆருடமும் சொன்னார். இது குழந்தைகளுக்கு இனிக்கும் என்று தாய்மார்கள்தாம் நினைப்பார்கள். சீட்டு விற்கும் சன்னலுக்குக் கை எட்டுகிற அளவு வளர்ந்த பிள்ளை எவனும் அடுத்த தெருவில் ஓடும் டார்ஜான் படத்துக்குப் போய்விடுவான் என்பது அவர் கணிப்பு.

எல்லாரும் இப்படி எழுதவில்லை. ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் பிராங்க் நியூஜென்ட் படத்தைப் பாராட்டினார். சிறுவர்களின் கண்கள் ஒளிர்ந்ததையும், பெரியவர்களின் கண்களில்கூட ஒரு புன்னகை தோன்றியதையும் அவர் குறித்தார். ஸ்நோ ஒயிட்டுக்குப் பின் இத்தகைய விந்தைக் கதை எதுவும் இந்த அளவு வெற்றி பெற்றதில்லை என்றார். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இவர் குறைகளைப் பார்க்காமல் புகழவில்லை. எவ்வளவு ஒப்பனை செய்தாலும் பறக்கும் குரங்குகள் வேடமிட்ட மனிதர்களாகவே தோன்றுகின்றன என்றும், நல்ல தேவதை வந்திறங்கும் நீர்க்குமிழி தடையின்றி இறங்கவில்லை, படத்தை ஒட்டிய இடம் தெரிகிறது என்றும் எடுத்துக்காட்டினார். குறைகளைச் சொல்லிவிட்டு, அவற்றையும் தாண்டிப் படம் மனத்தைக் கவர்கிறது என்று முடித்தார்.

கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் வேறொரு வேடிக்கை நடந்தது. குழந்தைகளுக்காக எடுத்த இந்தப் படத்தை, பெரியவர் துணையோடு வந்தால்தான் சிறுவர்கள் பார்க்கலாம் என்று அந்நாட்டுத் தணிக்கையாளர்கள் விதித்தனர். சூனியக்காரி குழந்தைகளை அச்சுறுத்துவாள் என்பது அவர்கள் கவலை. 1940ஆம் ஆண்டில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் இப்படத்துக்கு மதிப்புரை எழுதிய நாவலாசிரியர் கிரகாம் கிரீன், கதையின் நீதி சற்றுக் கரடுமுரடானது என்று கருதினார். எனினும் அவருடைய சினம் முழுவதும் தணிக்கையாளர்மேல் பாய்ந்தது. இத்தகைய குழுவை நகைத்தே ஒழிக்கவேண்டும் என்று எழுதினார்.

ஆக, ஒரே படத்தைப் பற்றி நால்வர் நான்கு விதமாகப் பேசுகின்றனர். கற்பனையே இல்லை என்கிறார் ஒருவர். குழந்தைகள் வரமாட்டார்கள் என்கிறார் மற்றொருவர். குழந்தைகளின் கண்கள் ஒளிர்ந்தன என்கிறார் மூன்றாமவர். குழந்தைகள் அஞ்சுவார்கள் என்கிறது ஆட்சிக் குழு. அதை மறுக்கிறார் நான்காமவர். இவர்களுள் எவரை நாம் நம்புவது?

குணத்தை ஆராய்ந்து, குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் எது மிகுதியோ அதைக்கொண்டு ஒருவரை மதிப்பிடவேண்டும் என்று வள்ளுவர் வழி காட்டினார். அது ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குச் சொன்ன வழி. ஆயினும் நூலுக்கும் கலைக்கும் அது பொருந்தும். ஆனால் அவ்வழியில் நடக்கும்போது நாம் ஒரு தவறு செய்வதுண்டு. மிகுதியைக் கண்டறிவது என்றால், குணம் இத்தனை, குற்றம் இத்தனை என்று எண்ணிக் கழிப்பது என்று நினைத்துவிடுகிறோம். எண்ணுவது வேறு, நிறுப்பது வேறு. பத்துக் குற்றங்களை ஒரு தட்டில் வைத்து, ஒரே ஒரு குணத்தை மறுதட்டில் வைத்தால் அந்த ஒன்றே கனமாக இறங்குவதும் உண்டு. மலோனி சொன்ன குற்றங்களில் சில மெய்யே. வண்ணம் சில இடங்களில் கூச்சலிடத்தான் செய்கிறது. சில காட்சிகள் அரங்கத் திரைச்சீலைபோல்தான் இருக்கின்றன. அவர் எண்ணியதில் தவறில்லை. மறுதட்டில் வைக்கவேண்டியதை அவர் வைக்கவே இல்லை.

அது என்ன? இங்கேதான் என் மருமகள் வருகிறாள்.

படத்தின் பிற்பகுதியில் ஒரு காட்சி. சூனியக்காரி டோரதியைத் தன் கோட்டையில் அடைத்துவைக்கிறாள். மணற்கடிகாரத்தைத் திருப்பி வைத்து, இந்த மணல் விழுந்து முடியும்வரைதான் உன் உயிர் என்று சொல்லிப் போய்விடுகிறாள். தனியாக அழுதுகொண்டிருக்கும் சிறுமி அங்கிருந்த பளிங்கு உருண்டையில் தன் அத்தையின் உருவத்தைக் காண்கிறாள். அத்தை கான்சஸ் பண்ணையில் நின்று அவள் பெயரைச் சொல்லி அழைக்கிறாள், தேடுகிறாள். நான் இங்கே இருக்கிறேன் அத்தை என்று இவள் கதறுகிறாள். அவளுக்குக் கேட்கவில்லை. அத்தையின் முகம் மறைகிறது. அதே உருண்டையில் சூனியக்காரியின் முகம் தோன்றி, அத்தையின் குரலை எள்ளிச் சிரிக்கிறது.

என் மருமகள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். “மாமா, இவளுக்கு அத்தை தெரிகிறாளே, அத்தைக்கு மட்டும் ஏன் இவள் குரல் கேட்கவில்லை?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. அன்று மாலை முழுவதும் அவள் தன் தாயின் முந்தானையை விடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தப் படத்தையே மீண்டும் பார்க்கவேண்டும் என்று கேட்டாள்.

நண்பர்களே, குழந்தையின் உள்ளத்தில் உள்ள பேரச்சங்களில் ஒன்று பேயைப் பற்றியது அன்று. வீட்டாரைப் பிரிந்துபோவது, கூப்பிட்டாலும் அவர்களுக்குக் கேட்காமல் போவது என்பதுதான் அது. திருவிழாக் கூட்டத்தில் தாயின் கையை ஒரு நிமிடம் விட்டுவிட்ட நினைவு உங்களுள் பலருக்கு இருக்கும். அந்த ஒரு நிமிடத்தை இந்தப் படம் எடுத்துக் காட்டிவிடுகிறது. காட்டுவதோடு, அதிலிருந்து மீண்டு வரலாம் என்றும் சொல்கிறது. பிற்காலத்தில் ராஜர் ஈபர்ட் என்னும் அமெரிக்க விமரிசகர், இப்படம் குழந்தைப் பருவத்தின் ஆழ்ந்த அச்சங்களைத் தொடுவதே இதன் வலிமை என்று காட்டினார். நான் இங்கே எடுத்துக்கூறிய முதல் நாள் மதிப்புரைகளோ வண்ணத்தையும் பொறியையும் குள்ளர்களையும் பற்றிப் பேசுகின்றன. கண்ணுக்குத் தெரிந்ததைப் பேசின. மணல் விழுந்துகொண்டிருக்கும் அந்த அறைக்குள் அவை நுழையவில்லை.

நகைச்சுவை இல்லை என்றாரே பெர்குசன், அதையும் சோதித்துப் பார்ப்போம். மூளை வேண்டும் என்று கேட்ட வைக்கோற் பொம்மைக்கு மந்திரவாதி என்ன கொடுக்கிறான் தெரியுமா? ஒரு பட்டச் சான்றிதழைக் கொடுக்கிறான். உன்னைவிட அதிகமாகச் சிந்திக்கத் தெரியாத எத்தனையோ பேர் பெரிய கல்விக்கூடங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது, உன்னிடம் இல்லாதது, இந்தச் சான்றிதழ் ஒன்றுதான் என்னும் பொருள்படச் சொல்லிக் கொடுக்கிறான். துணிவு கேட்ட சிங்கத்துக்கு ஒரு பதக்கம். இதயம் கேட்ட தகர மனிதனுக்கு இதய வடிவில் ஒரு கடிகாரம். மூல நூலில் இது இப்படி இல்லை. அங்கே மந்திரவாதி பொம்மையின் தலைக்குள் தவிட்டோடு ஊசிகளைக் கலந்து அடைக்கிறான். சான்றிதழ் கொடுக்கும் எண்ணம் படத்தில் புதிதாக வந்தது. வழியெல்லாம் நல்ல யோசனை சொல்லிக்கொண்டே வந்தவன் அந்தப் பொம்மைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். தேர்வு எழுதிச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் உங்களைவிட இந்த நகைச்சுவையை நன்கு உணரக்கூடியவர் யார்?

பெர்குசனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அக்கால அமெரிக்க விமரிசகர்களுள் மிகக் கூர்மையானவர் அவர். இரண்டாம் உலகப்போரில் வணிகக் கப்பல் ஒன்றில் பணி புரிந்து, 1943ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். ஆகவே, அவரது ஆருடம் பொய்யானதைக் காணும் வாய்ப்போ, தம் கருத்தை மறுமுறை எண்ணிப் பார்க்கும் வாய்ப்போ அவருக்குக் கிடைக்கவில்லை. மதிப்புரையாளரின் தொழிலில் உள்ள துயரம் இது. ஒருமுறை பார்த்து, ஓர் இரவுக்குள்ளோ சில நாட்களுக்குள்ளோ எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதியது அச்சில் நின்றுவிடுகிறது.

அவருடைய கணிப்பு முதலில் முற்றிலும் பொய்த்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. படத்தைப் பார்க்கப் பெருங்கூட்டம் வந்தது. ஆனால் சிறுவர் சீட்டுக்கு விலை குறைவு. செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. அயல்நாட்டு வருவாய் குறைந்தது. முதல் வெளியீட்டில் நிறுவனத்துக்கு நட்டமே கண்டது. 1949ஆம் ஆண்டில் மறுமுறை வெளியிட்டபோதுதான் ஆதாயம் கிடைத்தது. 1939ஆம் ஆண்டுக்கான அகாதெமிப் பரிசுகளில் சிறந்த படத்துக்கான பரிசு ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்குப் போயிற்று. அதற்கும் நெறியாளர் அதே விக்டர் பிளெமிங் என்பது ஒரு விந்தை. ஓஸ் நாட்டுப் படத்துக்கு இசைக்கும் பாட்டுக்குமாக இரண்டு பரிசுகள் கிடைத்தன.

அந்தப் பாட்டைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. வானவில்லுக்கு அப்பால் உள்ள ஒரு நாட்டைப் பற்றி டோரதி பண்ணையில் நின்று பாடும் பாட்டு அது. வெளியீட்டுக்குமுன் நடந்த முன்னோட்டக் காட்சிகளுக்குப் பின், இது கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது, எடுத்துவிடலாம் என்று நிறுவனத்தில் சிலர் சொன்னார்கள். வேறு சிலர் வாதாடி அதைக் காப்பாற்றினார்கள். அதே பாட்டை 2004ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அந்நாட்டுத் திரைப்பாடல்களுள் முதலாவதாக வைத்தது. முன்னோட்டம் பார்த்தவர்களும் ஒருவகை மதிப்புரையாளர்களே அல்லவா? முதற்பார்வை எவ்வளவு தடுமாறும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பிறகு காற்றின் திசை எப்போது மாறியது? 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் இப்படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முறையாகக் காட்டப்பட்டது. 1959 முதல் ஆண்டுக்கு ஒருமுறை காட்டுவது வழக்கமாகிப் பல பத்தாண்டுகள் நீடித்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் ஆண்டுவிழாவாகவே அது மாறிவிட்டது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கான்சஸ் காட்சிகள் பழுப்பு நிறத்திலும், ஓஸ் நாட்டுக் காட்சிகள் பல வண்ணத்திலும் அமைந்த படம் இது. டோரதி கதவைத் திறந்ததும் உலகம் வண்ணமயமாகிறது. ஆனால் அக்கால அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவற்றில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. கதவு திறந்தும் அவர்களுக்கு வண்ணம் தெரியவில்லை. இருந்தும் குழந்தைகள் அடுத்த ஆண்டுக்காகக் காத்திருந்தார்கள். கண்ணை உறுத்திற்று என்று மலோனி வெறுத்த வண்ணத்தை அடியோடு எடுத்துவிட்ட பிறகும் படம் நின்றது. அப்படியானால் படத்தின் உயிர் வண்ணத்தில் இல்லை என்பது தெளிவாகிறது அல்லவா? இதைவிட நேர்மையான சோதனையை எந்த விமரிசகரும் நடத்தியிருக்க முடியாது.

1989ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கவேண்டிய படங்கள் என்று முதற்பட்டியலாக 25 படங்களைத் தேர்ந்தெடுத்தபோது அவற்றுள் இதுவும் ஒன்றாயிற்று. 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இது இடம்பெற்றது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால், பழித்தவர்கள் தோற்றார்கள், புகழ்ந்தவர்கள் வென்றார்கள் என்று எளிதாக முடித்துவிடலாம். அது சரியன்று. நெடுங்காலம் நிலைத்தது என்பதனாலேயே ஒன்று குற்றமற்றதாகிவிடாது. புகழ் வந்த பிறகு எழுந்த விமரிசனங்களையும் நாம் கேட்கவேண்டும்.

முதலாவது, பொருள் தேடும் விமரிசனம். 1964ஆம் ஆண்டில் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்னும் பள்ளியாசிரியர், பாமின் நூல் அமெரிக்க அரசியலின் உருவகம் என்று ஒரு கட்டுரை எழுதினார். வைக்கோற் பொம்மை உழவன். தகர மனிதன் ஆலைத் தொழிலாளி. நூலில் வரும் வெள்ளிக் காலணிகள் வெள்ளி நாணயக் கொள்கை என்று பொருத்திக் காட்டினார். படத்திலோ அக்காலணிகள் வண்ணத்தில் எடுப்பாகத் தெரிவதற்காகச் செந்நிறமாக்கப்பட்டுவிட்டன! மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்க ஒரு வழியாகவே அவர் இதைக் கண்டார். பாம் அவ்வாறு எண்ணி எழுதினார் என்பதற்குச் சான்று இல்லை என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் அவர் கருத்து பாடநூல்களில் பரவிவிட்டது. ஏளனத்தைப் போலவே அறிவார்ந்த விளக்கமும் நம்மை மயக்கக்கூடும்.

இரண்டாவது, முடிவைப் பற்றிய விமரிசனம். நம் நாட்டில் பம்பாயில் பிறந்து வளர்ந்த எழுத்தாளர் சல்மான் ருஷ்டி, சிறுவனாக இருந்தபோது இப்படத்தைப் பார்த்தார். தம்மை எழுதத் தூண்டிய முதல் தூண்டுதல் இதுவே என்று சொல்லி, 1992ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். படத்தின்மேல் அவருக்கு இருப்பது தீராத அன்பு. ஆயினும் அதன் முடிவை அவர் ஏற்கவில்லை. வீட்டைப்போல் வேறோர் இடம் இல்லை என்று சொல்லி அந்தப் பெண் வறண்ட பண்ணைக்கே திரும்பிவிடுவது, அவள் நடந்த நடைக்கெல்லாம் மாறானது என்கிறார். நூலில் ஓஸ் உண்மையான நாடு. படமோ அதைக் கனவாக்கிவிட்டது. பாம் 1910இல் எழுதிய மற்றொரு நூலில் டோரதி தன் அத்தையையும் மாமாவையும் ஓஸ் நாட்டுக்கே அழைத்துப்போய் விடுகிறாள். அன்புடையவர் கூறும் குறைக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை இதில் காண்கிறோம்.

மூன்றாவது, முதல் நாளில் எவரும் கேட்காத கேள்வி. இந்த விந்தையை உருவாக்கியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள்? தகர மனிதனாக முதலில் நடிக்கவந்த பட்டி எப்சன், உடலிற் பூசிய அலுமினியத் தூளால் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் இடத்துக்கு ஜாக் ஹேலி வந்தார். சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் முன்பு மழலையர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நெருப்பும் புகையுமாக மறையும் காட்சியை எடுக்கும்போது முகத்திலும் கையிலும் தீக்காயம் பட்டு, பல வாரங்கள் படுக்கையில் கிடந்தார். திரையில் குழந்தைகளை மகிழ்விக்கும் படத்துக்குப் பின்னால் இத்தகைய துன்பம் இருந்தது என்பதை அறிவதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. அறிந்த பின்னும் படம் பிடிக்கலாம். ஆனால் அறியாதவர்போல் பேசக்கூடாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாம் கற்றுக்கொள்ளவேண்டியது என்ன? மதிப்புரை படிப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல மதிப்புரை, நாம் கவனியாமல் போனதைக் காட்டும் விளக்கு. ஆனால் அந்த விளக்கு எங்கே நின்று எரிகிறது என்று பார்க்கவேண்டும். எழுதியவர் யாருடைய கண்ணால் படத்தைப் பார்த்தார்? டிஸ்னியோடு ஒப்பிட வந்த கண்ணா, பணத்தைச் சந்தேகித்த கண்ணா, அருகில் இருந்த குழந்தையின் முகத்தைத் திரும்பிப் பார்த்த கண்ணா? குழந்தைகளுக்கென எடுத்த படத்தைப் பற்றி எழுதுகிறவர் குழந்தையாக மாறவேண்டியதில்லை. ஒருமுறையாவது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டும். நியூஜென்ட் திரும்பிப் பார்த்தார். குறைகளையும் மறைக்கவில்லை. அதனால்தான் அவர் எழுதியது இன்றும் சரியாக இருக்கிறது.

பெர்குசனின் ஏளனத்தை என் சொத்தாகச் சொல்லித் திரிந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவராவது படத்தைப் பார்த்துவிட்டுத் தவறினார். நான் பாராமலே தவறினேன். சொந்தமாகப் பார்த்துச் செய்த தவற்றைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. மறுமுறை பார்த்தால் போதும். இரவல் வாங்கிய கருத்தைத் திருத்துவது கடினம்; ஏனெனில் அது நம்முடையதே அன்று.

திரைக்குப் பின்னால் நிற்கும் அந்த மந்திரவாதியின் முழக்கத்தைக் கேட்டு நால்வரும் நடுங்குகிறார்கள். நாய்க்குட்டி டோட்டோ மட்டும் போய்த் திரையைப் பிடித்து இழுக்கிறது. அச்சில் வரும் பெரிய தீர்ப்புகளைப் படிக்கும்போது, இகழ்ச்சியாயினும் புகழ்ச்சியாயினும், அந்த நாய்க்குட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். என் மருமகள் கேட்ட கேள்விக்கு இன்றும் எனக்கு விடை தெரியாது. அந்தக் கேள்வியை எழுப்பவல்ல படத்தைக் கற்பனையற்றது என்று சொல்ல மட்டும் இனி எனக்கு நா எழாது.